பதிவேட்டில் ‘முடிந்தது’ என்று இருந்தால் மருந்து வேலை செய்தது என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மருந்துப் பரிசோதனைகளின் பதிவேட்டில் தேடியபோது ஒரு மருந்தின் இரண்டாம் கட்டப் பரிசோதனை (மருந்து பலன் தருமா என்று குறைந்த ஆட்களிடம் பார்க்கும் கட்டம்) மூன்று வருடங்களுக்கு முன்பே ‘முடிந்தது’ என்று போட்டிருந்தது. முடிவுகள் இருக்க வேண்டிய இடம் காலி. நன்றாக வேலை செய்ததால்தானே முடிந்தது என்கிறார்கள், அப்புறம் ஏன் மறைக்கிறார்கள், எப்படியாவது வரவழைத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், முடிவு ஏன் வெளியே வரவில்லை, வந்தால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம். மூன்றாவதுதான் பெரியது, அதில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவப் புள்ளியியல் படித்துவிட்டு, பதினெட்டு வருடங்களாக இப்படிப்பட்ட பரிசோதனைகளின் தரவுகளோடு வேலை பார்த்து வருகிறேன். அதனால் அப்பாவுக்கு எதைக் கொடுக்கலாம் என்பதில் என் வார்த்தையை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்தச் சொல். பதிவேட்டில் ‘முடிந்தது’ என்றால், கடைசியாகச் சேர்ந்தவர் கடைசித் தடவையாக வந்து பரிசோதித்துக்கொண்டு போய்விட்டார், வேலை திட்டப்படி நடந்து முடிந்தது என்று பொருள். அவ்வளவுதான். மருந்து கேட்டதா இல்லையா என்பது பற்றி அந்தச் சொல் வாயே திறப்பதில்லை. பரீட்சை முடிந்துவிட்டது என்று சொன்னால் பாஸ் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்வோமா? மருந்து சுத்தமாகத் தோற்றுப்போன பரிசோதனைக்கும் அதே சொல்தான் போடுவார்கள். ‘நிறுத்தப்பட்டது’ என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். மருந்து கெடுதல் செய்ததால் பாதியில் நிறுத்தியிருக்கலாம். எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்து, இனியும் பாதிப்பேருக்குப் போலி மாத்திரை (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) கொடுப்பது நியாயமில்லை என்று நிறுத்தியிருக்கலாம். பணம் தீர்ந்திருக்கலாம். நடைமுறையில் எல்லாவற்றையும்விட அதிகம் பார்க்கிற காரணம், சேர்வதற்குப் போதுமான ஆட்கள் கிடைக்கவில்லை என்பதுதான். ‘நிலை தெரியவில்லை’ என்று இருந்தால், முடிய வேண்டிய தேதி தாண்டியும் இரண்டு வருடத்துக்கு மேலாக யாரும் அந்தப் பக்கத்தைப் புதுப்பிக்கவில்லை என்று அர்த்தம். எல்லாமே கோப்பில் எழுதும் சொற்கள், மருத்துவச் சொற்கள் இல்லை.

பார்க்கின்சனிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. உடற்பயிற்சி செய்கிறவர்கள் சாப்பிடும் கிரியேட்டின் பவுடர் நோயின் வேகத்தைக் குறைக்கலாம் என்று எலிகளில் பார்த்தபோது தோன்றியது. சிறிய அளவில் மனிதர்களிடம் சோதித்தபோதும், தொடர்ந்து பார்க்கலாம் என்கிற அளவுக்கு முடிவு வந்தது. அதை நம்பி அமெரிக்காவிலும் கனடாவிலும் 45 மையங்களில் 1741 பேரைச் சேர்த்து, குறைந்தது ஐந்து வருடம் கொடுத்துப் பார்ப்பது என்று பெரிய பரிசோதனையைத் தொடங்கினார்கள். 2013இல் இடைக்காலக் கணக்கைப் பார்த்தவர்கள், இதற்கு மேல் எத்தனை வருடம் ஓட்டினாலும் பலன் தெரிய வாய்ப்பில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பாதியில் நின்றதுதான், ஆனால் கேள்விக்குத் தெளிவான பதிலோடு நின்றது. முழுதாக ‘முடிந்த’ எத்தனையோ சின்னப் பரிசோதனைகளில் அந்தத் தெளிவு கிடையாது.

சரி, கடைசி நபர் வந்துபோன பிறகு என்ன நடக்கிறது? வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை என்பதால் சொல்கிறேன். தரவு உடனே தயாராக இருக்காது. ஒருவரின் எடை ஒரு மாதம் 72 கிலோ, அடுத்த மாதம் 27 கிலோ என்று இருக்கும். மருந்து தொடங்கிய தேதி, சேர்ந்த தேதிக்கு முந்தியதாக இருக்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ‘குவெரி’ என்று ஒரு கேள்வி அனுப்ப வேண்டும், அந்த மையத்தில் இருக்கும் செவிலியர் பழைய கோப்பை எடுத்துப் பார்த்துப் பதில் போட வேண்டும். நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் போகும். எல்லாம் தீர்ந்ததும் தரவுத்தளத்தைப் பூட்டுவார்கள். நாங்கள் ‘லாக்’ என்போம். அதற்குப் பிறகுதான் யாருக்கு உண்மையான மருந்து, யாருக்குப் போலி மருந்து என்கிற பட்டியல் திறக்கும். அது திறக்கும் வரை வருடக்கணக்கில் அந்த எண்களோடு வாழ்ந்த எனக்கே எந்தக் குழு எது என்று தெரியாது. பூட்டுவதற்கு முன்பு பட்டியலைப் பார்த்த யாராவது ஒருவர் தரவில் கை வைத்தார் என்றால் அந்தப் பரிசோதனையையே நம்ப முடியாது. அதனால்தான் இவ்வளவு பிடிவாதம். இதற்கு மூன்று மாதம் என்று திட்டம் போட்டு எட்டு மாதம் ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சட்டம். அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் 2000இல் தொடங்கிய கிளினிக்கல்ட்ரயல்ஸ்.கவ் என்ற பதிவேட்டைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2007இல் வந்த சட்டப்படி, அதன் கீழ் வரும் பரிசோதனைகளின் முடிவுச் சுருக்கத்தை ஒரு வருடத்துக்குள் அங்கே ஏற்ற வேண்டும். எந்தத் தேதியிலிருந்து ஒரு வருடம் என்பதைக் கவனியுங்கள். முதன்மை அளவீட்டுக்கான, அதாவது எதை அளந்து வெற்றியா தோல்வியா என்று முடிவு செய்வார்களோ அதற்கான, கடைசித் தரவு எடுக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கு. பக்கத்தில் அது தனித் தேதியாகவே இருக்கும். முதல் கட்டப் பரிசோதனைகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. இன்னும் அனுமதி பெறாத மருந்தாக இருந்தால் மேலும் இரண்டு வருடம் வரை தள்ளிவைக்க வழி இருக்கிறது. உங்கள் மூன்று வருடக் கணக்கு ஏறக்குறைய அந்த எல்லையில் வந்து நிற்கிறது. ஆகவே காலியாக இருப்பதை வைத்து மட்டும் தப்பு நடந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒழுங்காக நடக்கிறது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் கெடு தாண்டியும் ஏற்றாதவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஏன் ஏற்றுவதில்லை? என் அனுபவத்தில் கெட்ட எண்ணத்தைவிடச் சோம்பலும் ஏமாற்றமும்தான் பெரிய காரணங்கள். நான் வேலை பார்த்த ஒரு பரிசோதனையில் இரண்டு குழுவுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று கணக்கு வந்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. தலைமை ஆய்வாளர் சில மாதங்களில் வேறு நிறுவனத்துக்குப் போனார், கட்டுரையின் வரைவு என் கணினியிலேயே மூன்று வருடம் கிடந்தது. யாரும் மறைக்கச் சொல்லவில்லை. யாருக்கும் எழுத மனம் வரவில்லை. நானும் துரத்திக் கேட்கவில்லை, அதில் என் பங்கும் உண்டு.

ஆனால் சோம்பலால் வெளிவராமல் போனாலும் விளைவு சின்னதாக இருக்காது. 1980இல் மாரடைப்பு வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 95 பேரிடம் லோர்கெய்னைட் என்ற இதயத்துடிப்பு மருந்தைச் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 9 பேர் இறந்தார்கள், போலி மருந்து எடுத்தவர்களில் ஒருவர். தற்செயல் என்று நினைத்தார்கள். வணிகக் காரணங்களுக்காக மருந்தே கைவிடப்பட்டதால் கட்டுரையும் அப்போது வரவில்லை, 1993இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் மாரடைப்பு வந்தவர்களுக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்பட்டன. ஒழுங்கற்ற துடிப்பை அவை அடக்கின, ஈசிஜியில் அது கண்ணால் பார்க்க முடிந்த உண்மை. துடிப்பை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்பது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. ‘காஸ்ட்’ என்ற பரிசோதனை அதை எண்ணிப் பார்த்தது. என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்ற அந்த வகை மருந்துகள் இரண்டுக்குமாகச் சேர்த்து 1498 பேர், சராசரியாகப் பத்து மாதம். மருந்து எடுத்தவர்களில் 63 பேர் இறந்திருந்தார்கள், போலி மருந்து எடுத்தவர்களில் 26 பேர். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம எண்ணிக்கை ஆட்கள். லோர்கெய்னைட் முடிவு அன்றே அச்சில் வந்திருந்தால் யாராவது முன்பே சந்தேகப்பட்டிருக்கலாம் என்று அதை நடத்தியவர்களே பிறகு எழுதினார்கள்.

வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து வெளியிடுவதும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கொடுக்கப்பட்ட 74 பரிசோதனைகளை எடுத்து, அவற்றில் எவை பத்திரிகைகளில் வந்தன என்று ஒரு குழு தேடிப் பார்த்து 2008இல் எழுதியது. மருந்து வேலை செய்ததாக அந்த அமைப்பு கருதிய 38இல் 37 அச்சேறின. மீதி 36இல் 22 எங்குமே வரவில்லை, 11 வெற்றி போலத் தோன்றும்படி எழுதப்பட்டு வந்தன, தோல்வி என்று நேர்மையாக வந்தவை வெறும் 3. பத்திரிகைகளை மட்டும் படித்த மருத்துவர் அந்த மருந்துகள் ஏறக்குறைய எப்போதும் வெல்கின்றன என்றுதானே நினைத்திருப்பார்? இந்த மருந்துகள் பயனற்றவை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் போலி மருந்தைவிட அவை மேல்தான், அச்சில் தெரிந்த அளவுக்கு மேல் இல்லை.

பதிவேடு என்ற ஏற்பாட்டின் பலனே இங்கேதான் இருக்கிறது. 2005இலிருந்து முக்கியமான மருத்துவப் பத்திரிகைகளின் ஆசிரியர்கள், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்யாத பரிசோதனையை அச்சிட மாட்டோம் என்றார்கள். எதை அளந்தால் வெற்றி என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், பிறகு கோல் போஸ்டை நகர்த்த முடியாது. நகர்த்தினாலும் தெரியும், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு சேமிக்கப்பட்டிருக்கும். நான் எந்தப் பரிசோதனையைப் பார்த்தாலும் முதலில் போவது இந்தத் திருத்த வரலாற்றுக்குத்தான். அமெரிக்காவில் அரசு நிதியில் நடந்த பெரிய இதயநோய்ப் பரிசோதனைகளைக் கணக்கெடுத்தபோது, 2000க்கு முந்தைய 30இல் 17 பலன் காட்டியிருந்தன. அதற்குப் பிறகு வந்த 25இல் 2 மட்டுமே காட்டின. முன்பதிவு வந்ததுதான் முக்கியக் காரணம் என்று கணக்கெடுத்தவர்கள் நினைத்தார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. எளிதாக ஜெயிக்கக்கூடியவை முன்பே ஜெயித்து முடிந்துவிட்டன என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி மூன்றாவது கேள்வி. உங்கள் மருந்தின் முடிவு நாளைக்கே வந்து, நல்ல முடிவாகவும் இருந்தால் என்ன செய்வது? இரண்டாம் கட்டம் என்று சொன்னீர்கள், அதைத்தான் யோசிக்க வேண்டும். எக்சனடைட் கதையைச் சொல்கிறேன். கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் எச்சிலில் கண்டுபிடித்த பொருளிலிருந்து வந்த சர்க்கரைநோய் ஊசி அது. பார்க்கின்சன் உள்ள 62 பேரிடம் சோதித்து 2017இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். 48 வாரம் ஊசி, பிறகு 12 வாரம் ஊசி இல்லாமல் விட்டு, மறுபடி அளந்தார்கள். நடுக்கம், விறைப்பு, நடை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடும் அளவுகோலில், ஊசி போட்டவர்கள் போலி ஊசிக்காரர்களைவிட 3.5 புள்ளி நல்ல நிலையில் இருந்தார்கள். ஊசியை நிறுத்திய பிறகும் வித்தியாசம் இருந்ததால் நோயின் வேகமே குறைகிறதோ என்று பெரிய நம்பிக்கை வந்தது. நானும் உற்சாகமாகத்தான் படித்தேன். அப்புறம் மூன்றாம் கட்டம், அதாவது அந்த முடிவு நிற்கிறதா என்று அதிக ஆட்களிடம் பார்ப்பது: 194 பேர், 96 வாரம். 2025இல் முடிவு வந்தது. போலி ஊசியோடு ஒப்பிட்டால் ஒரு பலனும் இல்லை. இரண்டு பரிசோதனையும் ‘முடிந்தவை’தான், இரண்டையும் நடத்தியதும் ஏறக்குறைய அதே குழுதான். யாரும் பொய் சொல்லவில்லை.

பிறகு எப்படி இது நடக்கிறது? சின்னப் பரிசோதனையில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்தாலும், மெதுவாக முற்றும் நோயாளிகள் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட முடியும். அறுபது பேரில் நாலைந்து பேர் மாறினாலே சராசரி ஆடிவிடும். அதோடு, நிறைய சின்னப் பரிசோதனைகள் நடக்கும்போது, தற்செயலாக நன்றாக வந்தவைதான் அடுத்த கட்டத்துக்குப் போகும், நம் கண்ணிலும் படும். ஆகவே அடுத்த கட்டத்தில் பலன் சுருங்குவது விதிவிலக்கு இல்லை, வழக்கம். மனிதர்களிடம் முதன்முதலாகச் சோதிக்கத் தொடங்கும் மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி வரை போகிறது. பார்க்கின்சனுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நோயாளி எதிர்பார்த்தாலே மூளையில் டோபமைன் (இந்த நோயில் குறைந்துபோகும் ரசாயனம்) சுரக்கிறது என்று 2001இல் ஸ்கேன் வைத்தே காட்டியிருக்கிறார்கள். போலி ஊசி போட்டவரின் கை நடுக்கம் நிஜமாகவே கொஞ்ச நாள் குறையும். அதனால் ‘எங்கள் மாமா எடுத்தார், நன்றாக இருக்கிறது’ என்கிற சாட்சியம், சொல்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், இந்த நோயில் குறிப்பாகப் பலவீனமானது.

எக்சனடைட் தோற்றதால் அந்தக் குடும்பமே உதவாது என்றும் சொல்லிவிட முடியாது. லிக்சிசெனடைட் என்ற தம்பி மருந்து 156 பேரிடம் ஒரு வருடம் சோதிக்கப்பட்டு 2024இல் வெளியானது. போலி மருந்துக் குழு சுமார் 3 புள்ளி மோசமானது, மருந்துக் குழு இருந்த இடத்திலேயே நின்றது. மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் குமட்டல். அந்த 3 புள்ளி நிலைக்குமா, எக்சனடைட்டின் 3.5 போல கரைந்துவிடுமா என்பது இன்னும் திறந்த கேள்வி. குமட்டல் வந்தவர்கள் தங்களுக்குக் கிடைத்தது நிஜ மருந்து என்று ஊகித்திருக்க முடியும் என்பதும் என்னை உறுத்துகிறது. எது உறுதி என்று கேட்டால், பார்க்கின்சனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்து அறிகுறிகளைக் குறைக்கிறது என்பது உறுதி. நோய் முற்றுகிற வேகத்தைக் குறைப்பதாகப் பெரிய பரிசோதனைகளில் நிரூபணமான மருந்து இதுவரை ஒன்றுகூட இல்லை என்பதும் உறுதி. நீங்கள் பார்த்த பக்கத்தில் இருக்கும் மருந்து எந்த வகை என்பது பெரிய வித்தியாசம். அறிகுறிக்கான மருந்து என்றால் சில மாதப் பரிசோதனையே ஓரளவு பேசும். வேகத்தைக் குறைப்பதாகச் சொல்லும் மருந்து என்றால் சில மாதத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

முடிவுப் பக்கத்தைப் படிக்கும்போது ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முன்பே எழுதி வைத்த முதன்மை அளவீட்டை மட்டும் முதலில் பாருங்கள். அது தோற்று, ‘ஆனால் 60 வயதுக்குக் கீழே உள்ள பெண்களிடம் பலன் தெரிந்தது’ என்று இருந்தால் நம்பாதீர்கள். 1988இல் வெளியான ஐசிஸ்-2 என்ற பரிசோதனை 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று காட்டியது. உட்பிரிவு வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பத்திரிகை கேட்டபோது, அவர்கள் வேண்டுமென்றே ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுன, துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் உதவவில்லை, லேசாகக் கெடுதல்கூட என்று வந்தது! எங்கள் துறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் கதை அதுதான்.

அதற்காக உட்பிரிவே குப்பை என்றும் இல்லை. பிரிப்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, உடலியல் காரணமும் இருந்து, ஆட்களும் நிறைய இருந்தால் கேட்கலாம். கோவிட் காலத்தில் ரெகவரி என்ற பரிசோதனையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் முடிவு அப்படித்தான் வந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் 28 நாள் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, எண்கள் கெடுதல் பக்கம் சாய்ந்திருந்தன. ஒரே மருந்து, ஒரே பரிசோதனை, ஆனால் ‘கோவிட்டுக்கு டெக்சாமெத்தசோன் நல்லது’ என்று ஒற்றை வரியில் சொன்னால் அது தப்பு.

எங்கே நடந்தது என்பதும் அதே மாதிரி. குறைமாதப் பிரசவம் வரப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரும் என்று 1972இலேயே பரிசோதனை வந்துவிட்டது. அதைப் பரவலாகக் கொண்டுபோகலாம் என்று ஆறு வளரும் நாடுகளில் கிராமப்புற அளவில் செய்து 2015இல் வெளியிட்டபோது, ஒட்டுமொத்தமாகப் பச்சிளங்குழந்தை இறப்பு கூடியிருந்தது. பிறகு உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், ஸ்கேன் வைத்துக் கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணித்து, குறைமாதக் குழந்தையைக் கவனிக்க வசதி உள்ள மருத்துவமனைகளில் மட்டும் 2852 தாய்மார்களிடம் சோதித்தது. 2020இல் வந்த முடிவில் இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6க்கு இறங்கியிருந்தது. முதலாவது தப்பு, இரண்டாவது சரி என்று நான் படிக்கவில்லை. ஊசி அதேதான், சுற்றி இருந்த கவனிப்பு வேறு. உங்கள் பக்கத்திலும் யாரைச் சேர்த்தார்கள் என்ற பகுதியைப் பாருங்கள். நோய் கண்டுபிடித்து இரண்டு வருடத்துக்குள் இருக்கும், வேறு வியாதி ஏதும் இல்லாத ஐம்பது வயதுக்காரர்கள் என்று இருந்தால், அப்பாவின் வயதையும் மற்ற மருந்துகளையும் வைத்துப் பார்க்கும்போது அந்த முடிவு அவருக்கு எவ்வளவு பொருந்தும்?

பக்கவிளைவு பற்றி ஒரு கணக்கு. 60 பேர் எடுத்தார்கள், ஒருவருக்கும் பெரிய கெடுதல் இல்லை என்று இருந்தால் பாதுகாப்பானது என்று தோன்றும். பூஜ்யம் வந்தால் மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்று எங்களிடம் ஒரு எளிய விதி உண்டு. 60 பேரில் பூஜ்யம் என்றால், உண்மையான அபாயம் 20 பேரில் ஒருவர் வரைகூட இருக்கலாம், அந்தப் பரிசோதனையால் அதை மறுக்க முடியாது. இரண்டாம் கட்ட மருந்தை வெளியிலிருந்து வரவழைத்துக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இந்தக் கணக்குதான். பரிசோதனைக்குள் இருந்தவர்களை ஒவ்வொரு வருகையிலும் ரத்தம் எடுத்து, ஈசிஜி எடுத்துக் கவனித்தார்கள். வீட்டில் அது நடக்காது. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. வேண்டாம் என்பேன். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

செய்யக்கூடியவை இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் மேலே என்சிடி என்று தொடங்கி எட்டு இலக்கத்தோடு ஓர் எண் இருக்கும். அதை அப்படியே தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். பதிவேட்டில் முடிவு ஏறாமலே பத்திரிகையில் கட்டுரை வந்திருப்பது மிகச் சாதாரணம், கட்டுரைச் சுருக்கத்தின் அடியில் இந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். அப்புறம் மருந்தின் பெயரைப் போட்டு, அதே நோய்க்கு மூன்றாம் கட்டம் எங்காவது தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தொடங்கியிருந்தால் இரண்டாம் கட்டம் மோசமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு, ஆள் சேர்க்கிறார்கள் என்றால் அப்பாவுக்கு முறையாக அந்த மருந்து கிடைக்கக்கூடிய வழியும் அதுதான். பாதிப் பாதி வாய்ப்பில் போலி மருந்தாகவும் இருக்கலாம் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்ற நாட்டுப் பதிவேடுகளையும் ஒரே இடத்தில் தேட உலக சுகாதார நிறுவனத்தின் தேடுதளம் இருக்கிறது. பக்கத்தில் தொடர்பு முகவரி இருந்தால் எழுதிக் கேளுங்கள். பாதிப்பேர் பதில் போட மாட்டார்கள், மீதிப் பாதி ஆச்சரியப்படும் அளவுக்கு விரிவாகப் போடுவார்கள். இதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இப்போது எடுக்கும் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவதில் கிடைக்கக்கூடிய முன்னேற்றத்தைப் பற்றியும் அதே சந்திப்பில் கேளுங்கள், பல நேரம் அதில் இன்னும் இடம் இருக்கும்.

அந்த எண்ணை இங்கே போட்டால் திருத்த வரலாற்றைப் பார்த்து, முதன்மை அளவீட்டை நடுவில் மாற்றியிருக்கிறார்களா, முதலில் எத்தனை பேரைச் சேர்ப்பதாக எழுதி எத்தனை பேரோடு நிறுத்தினார்கள் என்று சொல்கிறேன். அதற்கு அரை மணி நேரம் போதும்.